செயற்றிட்டம் இழுபடுகிறதா? அறிகுறியைப் பிடித்துக் கோளாறைக் கண்டுபிடியுங்கள்

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒரு மதகு கட்டுவது இழுபட்டால், குளக்கட்டுத் திருத்தம் பாதியில் நின்றால், முதலில் தேடப்படுவது ஆள்தான். மேசன் சரியில்லை, பொருளாளர் சரியில்லை, தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்ப்பதில்லை என்று பேச்சு வரும். ஆளையும் மாற்றுவார்கள். அடுத்த வேலையும் அதே இடத்தில் வந்து நிற்கும். ஆள் மாறியும் கோளாறு மாறவில்லை என்றால் அது வேலை செய்யும் முறைக்குள் இருக்கிறது. அதைத் தேடத்தான் இந்த வழிமுறை.

கிராம அபிவிருத்திச் சங்கங்கள், கமக்காரர் அமைப்புகள், மகளிர் சங்கங்கள், உள்ளூர்த் தொண்டு நிறுவனங்கள், சிறிய ஒப்பந்தக்காரர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போய்விடலாம். ஆனால் முதலாவதை எல்லாரும் ஒருமுறை பாருங்கள். மற்றவற்றில் பாதி அதற்குள்தான் ஒளிந்திருக்கிறது.

அறிகுறி: எல்லாரும் ஓடித் திரிகிறார்கள், ஒன்றும் முடிவதில்லை

முடிந்துபோன ஒரு கொள்வனவின் கோவையை எடுங்கள். ஐம்பது மூட்டை சீமெந்து வாங்கியது என்று வையுங்கள். ஒரு தாளில் ஒவ்வொரு படிக்கும் இரண்டு திகதி எழுதுங்கள்: தாள் அந்த மேசைக்கு வந்த நாள், அங்கிருந்து போன நாள்.

பெரும்பாலும் இப்படித்தான் வரும். 3ஆம் திகதி தேவை எழுதப்பட்டது. 6ஆம் திகதிக்குள் மூன்று கடையில் விலைமனு எடுத்தாயிற்று. அன்றைக்கே ஒப்பீட்டுப் பட்டியலும் தயார். பிறகு 21ஆம் திகதி மாதாந்தக் கூட்டம் வரும்வரை கோவை அலுமாரியில். 22இல் கட்டளை, 23இல் சீமெந்து இறங்கிவிட்டது. காசோலையில் இரண்டாவது கையொப்பம் போட வேண்டியவர் கொழும்பில் மகள் வீட்டில். அவர் திரும்பி வந்து கையெழுத்து வைத்தது அடுத்த மாதம் 9ஆம் திகதி. கடைக்காரர் அதுவரை காசுக்கு அலைந்தார். அடுத்தமுறை அவர் கடனுக்குத் தரமாட்டார், அல்லது மூட்டைக்கு விலை கூட்டுவார்.

முப்பத்தாறு நாளில் மனிதர் கை பட்ட நாட்களை எண்ணினால் ஐந்தாறு தேறும். மிச்சமெல்லாம் காத்திருப்பு. ஐந்தாறு நாள் வேலையை மூன்று நாளாக்குவதற்கு ஆட்களை விரட்டுகிறோம், முப்பது நாள் காத்திருப்பை யாரும் தொடுவதில்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கோளாறாகத் தெரிகிறது.

செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று, ஒரு தொகை வரைக்குமான கொள்வனவைக் கூட்டத்துக்குக் காத்திராமல் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் அங்கீகரித்து, அடுத்த கூட்டத்தில் அறிக்கையிடலாம் என்று பொதுச்சபையில் தீர்மானம் எடுங்கள். சங்கத்தின் யாப்பும் நிதி தருபவரின் நிபந்தனையும் அதற்கு இடம் கொடுக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இரண்டு, வங்கியில் மூவரின் கையொப்பத்தைப் பதிந்து, அதில் எந்த இருவர் வைத்தாலும் செல்லும்படி செய்யுங்கள். மூன்று, கையெழுத்துக்கு வாரத்தில் ஒரு நாளை நிரந்தரமாக்குங்கள். புதன்கிழமை பின்னேரம் என்றால் புதன்கிழமை பின்னேரம்தான். எல்லாருக்கும் அது தெரிந்திருந்தால் வீடு தேடி அலைவது தானாகக் குறையும்.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு: ஒரே நேரத்தில் கைவைத்த வேலைகள் அதிகம். ஜோன் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961இல் கணித முறையில் நிறுவிய ஓர் உறவு இதற்கு அப்படியே பொருந்தும். கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை மாதத்துக்கு முடிக்கும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை முடியச் சராசரியாக எவ்வளவு காலம் எடுக்கும் என்பது வரும். மாதத்துக்கு இரண்டு வேலை முடிக்கக்கூடிய அலுவலகம் பன்னிரண்டைத் திறந்து வைத்திருந்தால் ஒவ்வொன்றும் ஆறு மாதம் இழுக்கும். நான்கை மட்டும் திறந்தால் இரண்டு மாதம். ஆட்களும் அதேதான், காசும் அதேதான். ஒரு ஊரில் கல் இறக்கிவிட்டு, அடுத்த ஊரில் அத்திவாரம் வெட்டிவிட்டு, மூன்றாவது ஊரில் அடிக்கல் நாட்டுவதை நிறுத்துங்கள். மூன்று ஊரும் கோபிக்கும் நிலை அதில்தான் வருகிறது.

அறிகுறி: வருடா வருடம் மழை வந்து வேலையைக் கெடுக்கிறது

மழை திடீரென்று வருவதில்லை. நம் பக்கத்து ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரைக்குள்தான் கொட்டுகிறது. 2024 நவம்பர் கடைசியில் இரண்டு மாவட்டமும் வெள்ளத்தில் கிடந்ததை யாரும் மறக்கவில்லை. கிரான் – புலிபாய்ந்தகல் வீதி மூழ்கினால் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்குச் சீமெந்து எப்படிப் போகும்? மனிதர் போவதற்கே படகு வேண்டும்.

கோளாறு எங்கே என்றால், அரசாங்க நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. நிதி ஒதுக்கீடு வந்து, மதிப்பீடு போட்டு, கேள்விப்பத்திரம் கோரி, ஒப்பந்தம் கைச்சாத்தாக ஓகஸ்ட், செப்டெம்பர் ஆகிவிடுகிறது. அதாவது மண்ணைத் தொடும் வேலை ஒக்டோபரில் தொடங்கி, மழையின் உச்சத்தில் முடிய வேண்டும் என்று தாளில் எழுதிக் கையொப்பம் இடுகிறோம். வேறு மாவட்டங்களுக்கு இது அவ்வளவு உறுத்தாமல் இருக்கலாம். வடகீழ்ப் பருவமழையை வாங்கும் கிழக்குக் கரைக்கு இது ஒவ்வொரு வருடமும் கழுத்தை நெரிக்கும் ஏற்பாடு.

நிதியாண்டை நாம் மாற்ற முடியாது. வேலையின் ஒழுங்கை மாற்றலாம். ஒரு நாட்காட்டியைச் சுவரில் ஒட்டி, வேலை செய்யக்கூடாத நாட்களை முதலில் அடித்துவிடுங்கள்.

நவம்பரிலிருந்து ஜனவரி வரை மண்வேலை இல்லை. பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக அறுவடை. கூலியாட்கள் வயலில் நிற்பார்கள், உழவு இயந்திரங்களும் நெல் ஏற்றப் போய்விடும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு. சடங்கு நடக்கும் ஊர்களில் அந்த வாரம் யாரையும் கூப்பிட வேண்டாம். ஆடி அமாவாசையை ஒட்டி மாமாங்கத் திருவிழா. காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது போன்ற ஊர்களில் நோன்பு மாதத்தில் வேலை நேரம் குறையும், அந்த மாதம் வருடத்துக்குப் பதினொரு நாள் அளவில் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். குளத்து வேலை என்றால் இன்னொரு கோடு: சிறுபோகத்துக்கு விடும் தண்ணீரை நிறுத்தும்வரை, தண்ணீர் திறக்கும் துருசிலும் கட்டின் உட்பக்கத்திலும் கைவைக்க முடியாது. தண்ணீர் விடும் திகதியும் நிறுத்தும் திகதியும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் முடிவாகும். அந்தக் கூட்டத்தில் போய் இருங்கள். அங்கு எடுக்கும் முடிவு உங்கள் வேலைத் திட்டத்தின் முதல் வரி.

இத்தனையும் அடித்த பிறகு வீதி, வடிகால், மதகு வேலைக்குச் சித்திரை வருடப்பிறப்புக்குப் பின்னிருந்து செப்டெம்பர் முடிய ஒரு துண்டு காலம் எஞ்சும். குளத்து வேலைக்கு அதிலும் கடைசித் துண்டுதான். அந்தத் துண்டில் மண்ணைத் தொடும் வேலையை மட்டும் வையுங்கள். காணி உரிமையாளரின் சம்மதக் கடிதம், அளவெடுப்பு, வரைபடம், மதிப்பீடு, மணலுக்கான அனுமதிப்பத்திரம் பற்றிய விசாரணை எல்லாவற்றையும் மழைக்காலத்திலேயே முடித்துக் கோவையில் வைத்துவிடுங்கள். ஒதுக்கீடு வந்த அன்றைக்கு நீங்கள் ஒப்பந்தத்துக்குத் தயார் என்ற நிலை வேண்டும். தாமதமாகத்தான் நிதி வந்தது என்றால், அந்த வருடத்துக்கு ஜன்னல், கதவு, தளபாடம், உள்வேலை போன்றவற்றை எடுத்துக்கொண்டு, மண்வேலையை அடுத்த வருடத்துக்குக் கேளுங்கள். "காசு திரும்பிப் போய்விடும்" என்ற பயத்தில் சேற்றுக்குள் கொங்கிறீற் போடுவதைவிட அது நல்லது.

அறிகுறி: வேலை முடிந்தது, காசு வரவில்லை

பக்கத்தில் நின்று பார்த்தால் இந்தக் கோளாறு இப்படித்தான் இருக்கும்.

"அத்திவாரம் ரெண்டரை அடி போட்டம் சேர்."

"எங்க, பாப்பம்?"

"மூடியாச்சு."

உத்தியோகத்தரால் காண முடியாத ஆழத்துக்குக் கையொப்பம் வைக்க முடியாது. கணக்காய்வு வந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். சங்கம் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் ஓரத்தில் தோண்டிக் காட்ட வேண்டிவரும், இல்லாவிட்டால் அளவு குறைத்துப் போடப்படும். இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

ஒப்பந்தம் கைக்கு வந்த அன்றே, மறைந்துபோகும் வேலைகளைத் தனியே எழுதுங்கள்: அத்திவாரக் குழியின் ஆழம், அடிக்கொங்கிறீற்றின் தடிப்பு, கம்பிக் கட்டு, நிலத்துக்கடியில் போகும் குழாய், வீதிக்கு இட்ட கிறவலின் தடிப்பு. இவை ஒவ்வொன்றும் ஒரு தரிப்பிடம். அளவு எடுக்காமல் அதைத் தாண்டக்கூடாது என்று மேசனுக்கும் சொல்லுங்கள். அளவு நாடாவை உள்ளே பிடித்து, பின்னணியில் அடையாளம் தெரியக்கூடிய ஒரு மரமோ மதிலோ வரும்படி படம் எடுங்கள். வேலைத்தளப் பதிவேட்டில் திகதி, நீளம், அகலம், ஆழம் எழுதி, நின்ற இருவர் கையொப்பம் இடுங்கள். படம் மட்டும் இருந்தால் போதாது. பதிவேடுதான் பில்லோடு போகும்.

உத்தியோகத்தருக்கு நான்கைந்து பிரிவு இருக்கும். "இண்டைக்கு வாங்க" என்று காலையில் அழைத்தால் அவரால் வர இயலாது. வேலைத் திட்டத்தை எழுதும்போதே தரிப்பிடத் திகதிகளை அவரிடம் கொடுத்துவிடுங்கள். இரண்டு நாள் முன்னால் நினைவூட்டுங்கள். அதே வழியில் உள்ள பக்கத்துச் சங்கத்தோடு பேசி ஒரே நாளில் இரண்டு தளத்தையும் பார்க்க ஒழுங்கு செய்தால் அவருக்கும் வசதி. கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு நாள், கரடியனாற்றுப் பக்கம் ஒரு நாள் என்று வந்துவிட்டால் காத்திருப்பு பாதியாகும்.

அறிகுறி: மதிப்பீடு எப்போதும் குறைந்தே போகிறது

டானியல் கானெமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர் இருவர் 1979இல் இதற்குப் பெயரிட்டு எழுதினார்கள். மனிதர் வேலையின் உட்கூறுகளை மட்டும் நினைத்துக் காலம் கணிக்கிறார்கள். அதே மாதிரியான பழைய வேலைகளுக்கு உண்மையில் எவ்வளவு காலம் போனது என்பதைப் பார்ப்பதில்லை. தடங்கல் ஒவ்வொன்றும் தனித்தனியே அபூர்வமாகத் தெரியும். ஆனால் ஏதோ ஒரு தடங்கல் வருவது நிச்சயம்.

பரிகாரம் ஒரு கொப்பி. உங்கள் சங்கம் கடைசியாக முடித்த ஐந்து வேலைகளுக்கு, கணித்த நாள், போன நாள், கணித்த காசு, போன காசு என்று நான்கு நிரல் போடுங்கள். ஐந்திலும் ஒன்றரை மடங்கு காலம் போயிருந்தால் ஆறாவதற்கும் ஒன்றரை மடங்கு போடுங்கள். "இந்த முறை சுருக்கா முடிப்பம்" என்று யாராவது சொன்னால், எந்தப் படி எப்படிச் சுருங்கும் என்று காட்டச் சொல்லுங்கள். விலைக்கும் இது வேண்டும். 2022இல் சீமெந்து, கம்பி விலை ஏறிய வேகத்தில், பழைய விலைமனுவை நம்பி ஒப்பந்தம் எடுத்தவர்கள் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். விலைமனுவில் அது எத்தனை நாளைக்குச் செல்லும் என்ற வரி இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

அறிகுறி: கூட்டம் மூன்று மணித்தியாலம், முடிவு ஒன்றுமில்லை

கூட்டறிக்கையைத் திறந்து பாருங்கள். "ஆவன செய்யப்படும் எனத் தீர்மானிக்கப்பட்டது." யார் செய்வார்? எப்போது? "மறுகா பாப்பம் கா" என்று வாசலில் சொல்லிப் பிரிவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

ஒவ்வொரு தீர்மானத்துக்கும் ஓர் ஆளின் பெயர், ஒரு திகதி. இரண்டு பெயர் எழுதாதீர்கள். இருவர் பொறுப்பென்றால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த கூட்டம் அந்தப் பட்டியலை வாசிப்பதில் தொடங்கட்டும். இவ்வளவு போதும்.

அறிகுறி: கட்டி முடித்தோம், யாரும் பாவிப்பதில்லை

பூட்டிக் கிடக்கும் கட்டடங்கள் இரண்டு மாவட்டத்திலும் கண்ணில் படுகின்றன. மனதை மிகவும் வருத்தும் அறிகுறி இது. ஏனென்றால் வேலை நேரத்துக்கு முடிந்திருக்கும், கணக்கும் சரியாக இருக்கும்.

கோளாறு தொடக்கத்தில். பிரச்சினையை எழுத வேண்டிய இடத்தில் தீர்வை எழுதிவிடுகிறோம். "எங்களுக்கு அரிசி பொதியிடும் நிலையம் இல்லை" என்பது தீர்வு, பிரச்சினையின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. கேட்டுப் பாருங்கள்.

நிலையம் ஏன் வேண்டும்? அரிசியைப் பொதியிட்டு விற்க. இப்போது ஏன் விற்க முடியவில்லை? கல்முனைக் கடைகள் வாங்குவதில்லை. ஏன்? ஒரு முறை கொடுத்த தரம் மறுமுறை இல்லை, கல்லும் உடைந்த குறுநலும் கலந்து வருகிறது. ஏன்? ஒவ்வொரு பெண்ணும் ஒவ்வொரு ஆலையில் குற்றுகிறார். இங்கே வந்து நின்றால் தேவைப்படுவது ஒரு நல்ல ஆலையோடு உடன்படிக்கையும், ஒரு சல்லடையும், தரம் பார்க்கப் பழகிய இரண்டு பேரும்தான். கட்டடம் பிறகு வரலாம், வராமலும் விடலாம். இப்படி "ஏன்" கேட்டுக்கொண்டு போகும் பழக்கம் ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலைகளில் வளர்ந்தது. நம் வயதான கமக்காரர் ஒருவரிடம் பயிர் ஏன் மஞ்சளாகிறது என்று கேட்டால், அவரும் இதே போலத்தான் தண்ணீர், மண், உரம், விதை என்று பின்னால் போவார்.

தீர்வு முடிவானதும் இன்னொரு கேள்வி. உளவியலாளர் கேரி க்ளைன் 2007இல் எழுதிப் பரவலான முறை இது: "ஒரு வருடம் கழிந்துவிட்டது, இந்தத் திட்டம் தோற்றுப்போய்விட்டது என்று வையுங்கள். ஏன் தோற்றது? ஒவ்வொருவரும் ஒரு காரணம் எழுதுங்கள்." நம் கூட்டங்களுக்கு இது மிகப் பொருத்தம். தலைவர், ஆசிரியர், வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை போன்ற பெரியவர்கள் "நல்ல திட்டம்" என்று சொன்ன பிறகு பின்வரிசையில் இருக்கும் இளம்பெண் எழுந்து "மோட்டர் கரண்ட் பில்லை ஆர் கட்டுற?" என்று கேட்கமாட்டாள். துண்டுத்தாளில் பெயர் இல்லாமல் எழுதச் சொன்னால் எழுதுவாள். தண்ணீர்த் தாங்கி கட்டிய எத்தனையோ இடங்களில் கேட்கப்படாமல் போன கேள்வி அது. வந்த தாள்களில் அதிகம் பேர் எழுதிய மூன்று காரணங்களுக்கு, அந்தக் கூட்டத்திலேயே ஆளும் திகதியும் போடுங்கள்.

அறிகுறி: பிந்திவிட்டது, இன்னும் ஆட்களைப் போடுகிறோம், இன்னும் பிந்துகிறது

ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் மென்பொருள் வேலைகளைப் பற்றிச் சொன்னது: பிந்திய வேலைக்கு ஆள் சேர்த்தால் அது மேலும் பிந்தும். புதியவர்களுக்குப் பழையவர்கள் விளங்கப்படுத்த வேண்டும், அந்த நேரத்தில் அவர்களின் வேலை நிற்கும். எல்லா வேலைக்கும் இது பொருந்தாது. கிடங்கு வெட்டவும், கல் சுமக்கவும், குப்பை அள்ளவும் ஆள் கூடினால் சுருக்காக முடியும். கணக்கு, அறிக்கை, பயனாளி தெரிவு ஆகியவற்றுக்குப் பொருந்தும். கொங்கிறீற்றுக்கு இரண்டுமே பொருந்தாது. குறைந்தது ஏழு நாள் அது ஈரத்தில் இருக்க வேண்டும், முழு வலிமையை 28ஆம் நாளில்தான் பார்ப்பார்கள். அங்கே எத்தனை மேசன் நின்றாலும் நாள் குறையாது. பிந்தினால் முதலில் எந்தப் படி பிந்துகிறது என்று பாருங்கள், பிறகு ஆள் தேடுங்கள்.

அறிகுறி: கடிதம் போய் நாளாகிறது, பதில் இல்லை

அம்பாறையில் இது அதிகம். திருக்கோவிலிலோ பொத்துவிலிலோ தமிழில் எழுதிய கோரிக்கை சிங்களத்தில் வேலை செய்யும் ஒரு மேசைக்குப் போய், மொழிபெயர்ப்புக்குக் காத்துக் கிடக்கலாம். தமிழில் எழுதுவதும் தமிழில் பதில் பெறுவதும் உங்கள் உரிமை. அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. தமிழ்க் கடிதத்தோடு சிங்கள மொழிபெயர்ப்பு ஒன்றையும் சேர்த்து அனுப்பினால் அந்தக் காத்திருப்பு இல்லாமல் போகும். மொழிபெயர்ப்பை வேலைத் திட்டத்தில் ஒரு படியாக, அதற்குரிய நாட்களோடும் செலவோடும் எழுதுங்கள். ஊரில் இரண்டு மொழியும் எழுதக்கூடிய ஒருவருக்கு அது ஒரு வருமானமும் ஆகும். கடிதம் கொடுத்தால் முத்திரை குத்திய பிரதி ஒன்றை வாங்காமல் திரும்பாதீர்கள்.

அறிகுறி: ஒருவர் விலகினால் எல்லாம் நிற்கிறது

விலைமனு ஒருவரின் தொலைபேசியில், படங்கள் இன்னொருவரின் வாட்ஸ்அப்பில், ஒப்பந்தத்தின் மூலப்பிரதி செயலாளர் வீட்டில். செயலாளர் கட்டாருக்குப் போகிறார். அரச உத்தியோகத்தர்களின் வருடாந்த இடமாற்றம் ஜனவரியில் வருவதால், தெரிந்த முகமும் அதே மாதத்தில் மாறலாம்.

ஒரு வேலைக்கு ஒரு கோவை, முதல் பக்கத்தில் ஒரு தாள்: வேலை என்ன, எப்போது முடிந்ததாகக் கொள்வோம், இப்போது எந்தப் படியில் நிற்கிறது, அடுத்த படி யார் கையில், உத்தரவாதத்துக்காகப் பிடித்து வைத்த காசு எவ்வளவு, அது எப்போது திரும்பும். இந்தக் கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உத்தரவாதக் காலம் முடிந்து காசு கேட்க வேண்டிய நேரத்தில், கேட்க வேண்டும் என்று தெரிந்தவர் யாரும் சங்கத்தில் இருப்பதில்லை. கையெழுத்துப் போடும் அதே புதன்கிழமையில் அந்தத் தாளையும் புதுப்பியுங்கள். டிசம்பரில் கோவையை வேலை தெரியாத ஒருவரிடம் கொடுத்து, "அடுத்து என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.